ரூ.200-க்கு வாங்கிய பத்திரிகை, ரூ.30 லட்சத்தில் எடுத்த படம்: ஆன்லைன் ஷாப்பிங் வருவதற்கு முன்பே மார்க்கெட்டிங்கில் கலக்கிய எஸ்.எஸ்.வாசன்

மயிலாப்பூரில் இருந்து கதீட்ரல் சாலை வழியாக வந்தாலும் சரி, தி.நகரில் இருந்து ஜி.என்.செட்டி சாலை வழியாக வந்தாலும் சரி, அண்ணா சாலையைத் தொடும் இடத்தில் அந்தப் பாலம் நிற்கும். 1973-ல் திறக்கப்பட்ட அதன் அதிகாரப்பூர்வ பெயர் அண்ணா மேம்பாலம். ஆனால் ஆட்டோக்காரரிடம் ஜெமினி என்று சொன்னால்தான் சட்டென்று வண்டி கிளம்பும்.

பக்கத்தில் இருந்த ஜெமினி ஸ்டுடியோ இன்று இல்லை. அதை நடத்திய எஸ்.எஸ்.வாசன் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சந்திரலேகா எடுத்த சினிமா முதலாளி என்றுதான் பலரும் அவரை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவருடைய முதல் தொழில் சினிமா இல்லை. பத்திரிகையும் இல்லை. தபாலில் பொருள் விற்பது.

இன்றைக்கு நாம் இ-காமர்ஸ், ஆஃபர், என்கேஜ்மென்ட், கிராஸ் புரமோஷன் என்று சொல்லும் பல விஷயங்களை 1920-களிலும் 30-களிலுமே செய்து பார்த்தவர் அவர். எப்படி?

யார் இந்த வாசன்?

முழுப்பெயர் சீனிவாசன். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட, மகனை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. பிழைப்புக்கும் படிப்புக்குமாக இருவரும் சென்னைக்கு வந்தார்கள். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த வாசன், படிப்பை முடிக்காமலேயே தொழிலில் இறங்கிவிட்டார்.

கையில் பெரிய முதல் இல்லை. கடை போட வேண்டும் என்றால் வாடகை, அட்வான்ஸ், ஆள் சம்பளம் எல்லாம் வேண்டும். அதனால் கடையே இல்லாத வியாபாரத்தைத் தேர்ந்தெடுத்தார். பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது, தபாலில் ஆர்டர் வாங்குவது, தபாலிலேயே பொருளை அனுப்புவது. இதற்குப் பெயர் மெயில் ஆர்டர். கூடவே, மற்ற கம்பெனிகளிடம் இருந்து விளம்பரங்களை வாங்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும் ஏஜென்ட் வேலையும் பார்த்தார்.

அன்றைய கேஷ் ஆன் டெலிவரி

மெயில் ஆர்டர் வாசனின் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் மாண்ட்கோமரி வார்ட் என்பவர் 1872-லேயே விலைப்பட்டியல் அச்சடித்துத் தபாலில் வியாபாரம் தொடங்கிவிட்டார். பிறகு வந்த சியர்ஸ் நிறுவனத்தின் கேட்லாக், கடைத்தெருவே இல்லாத அமெரிக்கக் கிராமங்களுக்கும் பொருளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இந்தியாவில் இதற்குக் கைகொடுத்தது வி.பி.பி. என்ற தபால் வசதி. 1877-ல் அறிமுகமானது. பார்சலைக் கொண்டுவரும் தபால்காரரிடமே காசைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். அந்தப் பணத்தைத் தபால் இலாகா விற்றவருக்கு அனுப்பி வைக்கும். முகம் தெரியாத வியாபாரிக்கு முன்பணம் அனுப்பப் பயந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. 2007-ல் தொடங்கிய ஃப்ளிப்கார்ட், மூன்று ஆண்டு கழித்து கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்து வாடிக்கையாளர்களைக் குவித்ததும் இதே பயத்தைப் போக்கித்தான்.

இந்த வியாபாரத்தில் உயிர்நாடி, விளம்பரம். விளம்பரம் வந்தால் ஆர்டர் வரும். வராவிட்டால் வராது. இந்தக் கணக்குதான் வாசனை ஒரு பத்திரிகை ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

ரூ.200-க்கு கைமாறிய ஆனந்த விகடன்

பூதூர் வைத்தியநாதையர் 1926-ல் தொடங்கிய மாத இதழ் ஆனந்த விகடன். வாசன் அதில் விளம்பரம் கொடுத்து வந்தார். ஒருமுறை இதழ் வரவில்லை. என்ன ஆயிற்று என்று விசாரிக்கப் போனவருக்கு, பத்திரிகையை நடத்த முடியாமல் அதன் ஆசிரியர் திணறுவது தெரிந்தது. நானே வாங்கிக்கொள்கிறேன் என்று வாசன் முன்வந்தார்.

பத்திரிகையின் பெயரில் எட்டு எழுத்து. எழுத்துக்கு 25 ரூபாய். மொத்தம் 200 ரூபாய். இதுதான் விகடன் கைமாறிய கதையாக இன்றும் சொல்லப்படுகிறது. ஆண்டு 1928.

இந்த இடத்தில்தான் வாசன் மற்ற வியாபாரிகளிடம் இருந்து பிரிகிறார். அதுவரை அடுத்தவர் பத்திரிகையில் இடத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தவர், இப்போது அந்த இடத்துக்கே சொந்தக்காரர். இதழ் நின்றால் வியாபாரம் நிற்கும் என்ற கவலை இல்லை. வாசகர் யார், எந்த ஊரில் இருக்கிறார், எதைப் படிக்கிறார் என்பதெல்லாம் அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

குறுக்கெழுத்துப் போட்டி: லைக்ஸ் இல்லாத காலத்து என்கேஜ்மென்ட்

பத்திரிகையை வாங்கினால் மட்டும் போதுமா? படிக்க ஆள் வேண்டுமே. வாசன் இரண்டு வழிகளைப் பிடித்தார்.

முதலாவது, பரிசுப் போட்டி. குறுக்கெழுத்துப் போட்டிக்கு அன்றைய நிலவரத்தில் ஆச்சரியப்படும் அளவுக்குப் பரிசுத்தொகை அறிவித்தார். கட்டத்தை நிரப்பி அனுப்ப வேண்டும் என்றால் இதழை வாங்கித்தான் ஆக வேண்டும். விடை தெரிய அடுத்த இதழையும் வாங்க வேண்டும். விற்பனை எகிறியது. இது அறிவுப் போட்டியா, அதிர்ஷ்டப் போட்டியா என்ற விமர்சனமும் கூடவே வந்தது. ஷாப்பிங் ஆப்களில் சக்கரத்தைச் சுழற்றினால் கூப்பன் என்று வரும்போது இன்று எழும் கேள்வியும் இதேதான்.

இரண்டாவது வழி, நல்ல சரக்கு. போட்டிக்காக வாங்கியவரைத் தக்கவைக்க எழுத்து வேண்டும் என்பது வாசனுக்குத் தெரிந்திருந்தது. 1930-களின் தொடக்கத்தில் கல்கி ரா.கிருஷ்ணமூர்த்தி விகடனின் ஆசிரியர் குழுவுக்கு வந்தார். ஓவியர் மாலியின் கோட்டுச் சித்திரங்கள் பக்கங்களுக்கு முகம் கொடுத்தன. மாதம் ஒருமுறை வந்த இதழ், வாரம் ஒருமுறை வர ஆரம்பித்தது. பரிசுக்காக வாங்கியவர்கள் தொடர்கதைக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள்.

பத்திரிகையில் தொடர், தியேட்டரில் படம்

விகடனில் வாசன் எழுதிய ‘சதி லீலாவதி’ தொடர்கதை 1936-ல் சினிமா ஆனது. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். அறிமுகமானார். கதை பத்திரிகையில் ஓடினால் படத்துக்குக் கூட்டம் ரெடி என்பதை வாசன் கண்ணால் பார்த்தார்.

1939-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கல்கியின் ‘தியாகபூமி’ விகடனில் தொடராக வந்தபோது, படங்களாக அச்சானவை ஓவியங்கள் அல்ல. கே.சுப்பிரமணியம் அதே கதையைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் ஸ்டில்களே தொடருக்குப் படங்களாகின. வாரா வாரம் கதையைப் படித்தவர், படம் வருவதற்கு முன்பே அதன் முகங்களோடு பழகிவிட்டார். டீசர், டிரெய்லர் என்று இன்று நடப்பதை அன்று அச்சுத்தாளில் நடத்திக் காட்டினார்கள். சுதந்திர உணர்வைத் தூண்டுகிறது என்று பிரிட்டிஷ் அரசு அந்தப் படத்துக்குப் பிறகு தடை போட்டது.

ஸ்டார் ரைட்டரும் விளம்பர மேனேஜரும் வெளியேறினால்?

எல்லாம் ஏறுமுகமாகவே இருக்கவில்லை. சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்ற கல்கி, விகடனை விட்டு விலகினார். விகடனின் விளம்பரப் பிரிவைக் கவனித்து வந்த டி.சதாசிவமும் அவரும் சேர்ந்து 1941-ல் ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதற்கு நிதி திரட்ட சதாசிவத்தின் மனைவி எம்.எஸ்.சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நடித்தார்.

வாசகரை இழுத்தவரும், விளம்பரத்தை இழுத்தவரும் ஒரே நேரத்தில் போட்டிக் கடை திறந்தால் எந்த நிறுவனமும் ஆடிப்போகும். ஆனால் விகடன் விழவில்லை. தேவன் ஆசிரியர் பொறுப்புக்கு வந்தார். அவருடைய துப்பறியும் சாம்பு வீடு வீடாகப் புகுந்தார். எழுதியவர் போன பிறகும், இத்தனை வருடம் சேர்த்த வாசகர் கூட்டம் விகடனோடு இருந்தது.

ஜெமினி வந்த கதை

1940-களின் தொடக்கத்தில், தீ விபத்தில் சேதமடைந்த ஒரு ஸ்டுடியோ ஏலத்துக்கு வந்தது. தியாகபூமி எடுத்த கே.சுப்பிரமணியத்தின் ஸ்டுடியோதான் அது. வாசன் கொடுத்த விலை 86,427 ரூபாய் 11 அணா 9 பை. பெயர் ஜெமினி. குதிரைப் பந்தயப் பிரியரான அவருடைய குதிரை ஒன்றின் பெயர் என்பது ஒரு கதை. மனைவி பட்டம்மாளின் மிதுன ராசி என்பது இன்னொரு கதை. ஊதுகுழல் ஊதும் இரட்டைக் குழந்தைகள் சின்னம், படம் தொடங்கும் முன்பே கைத்தட்டல் வாங்கியது.

சந்திரலேகா: சொத்தையே பணயம் வைத்த விளம்பரம்

1943-ல் தொடங்கிய சந்திரலேகா முடியவே ஐந்து ஆண்டு ஆனது. இயக்குநர் மாறினார். கடைசியில் வாசனே இயக்கினார். சர்க்கஸ், வாள்சண்டை, நூற்றுக்கணக்கான நடனக் கலைஞர்கள் ஆடிய முரசு நடனம் என்று செலவு ஏறிக்கொண்டே போய் ரூ.30 லட்சத்தைத் தொட்டது. படத்தை முடிக்க வாசன் சொத்துகளை அடமானம் வைத்தார், கடன் வாங்கினார்.

1948 ஏப்ரல் 9-ம் தேதி படம் வெளியானது. தமிழ்நாட்டில் கூட்டம் அலைமோதியது. ஆனாலும் போட்ட காசு திரும்பவில்லை. தமிழ் பேசும் மக்கள் அத்தனை பேரும் பார்த்தாலும் அடையாத அளவுக்கு பட்ஜெட் பெரிது. இதுதான் வாசனின் வாழ்க்கையில் மிக ஆபத்தான கட்டம்.

அவர் செலவைக் குறைக்கவில்லை. சந்தையைப் பெரிதாக்கினார். சில காட்சிகளை மறுபடி எடுத்து, அதே ஆண்டு டிசம்பரில் இந்தியில் இறக்கினார். வட இந்தியப் பத்திரிகைகளில் பெரிய பெரிய விளம்பரங்கள், சுவரெல்லாம் போஸ்டர்கள். பட்டி தொட்டியெல்லாம் படம் போய்ச்சேர 600-க்கும் அதிகமான பிரிண்ட்கள் போடப்பட்டன. சென்னையில் எடுத்த படம் இந்தியா முழுக்க ஓடியது. பான் இந்தியா என்ற சொல் புழக்கத்துக்கு வரும் முன்பே மதராஸ் ஸ்டுடியோக்களுக்கு வடக்கே கதவு திறந்தது.

எளிய மக்கள் திருவிழா பார்ப்பது போல சினிமாவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. ஔவையார், வஞ்சிக்கோட்டை வாலிபன், இந்தியில் இன்சானியத், பைகாம் என்று ஜெமினியின் பட்டியல் நீண்டது. 1964-ல் மாநிலங்களவை உறுப்பினர் ஆனார். 1969-ல் பத்ம பூஷன் விருது பெற்றார். அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ம் தேதி காலமானார்.

இன்றைய வியாபாரிக்கு இதில் என்ன இருக்கு?

பாண்டி பஜாரில் புடவைக் கடை வைத்திருப்பவரோ, அடையாறில் வீட்டிலேயே பொடி, ஊறுகாய் செய்து விற்பவரோ இன்று இன்ஸ்டாகிராமையும் வாட்ஸ்அப்பையும் நம்பித்தான் இருக்கிறார்கள். ஒருநாள் அல்காரிதம் மாறினால் ரீச் படுத்துவிடும். அக்கவுன்ட் முடங்கினால் வாடிக்கையாளரே காணாமல் போய்விடுவார். இதழ் வராமல் போனதும் ஆர்டரைப் பற்றிக் கவலைப்பட்ட இளம் வாசன் நின்ற இடமும் இதுதான்.

உலகம் முழுக்க மார்க்கெட்டிங் ஆட்கள் இப்போது ஃபர்ஸ்ட் பார்ட்டி டேட்டா என்று பேசுகிறார்கள். விஷயம் சிம்பிள். அடுத்தவர் மேடையில் கிடைக்கும் கூட்டத்தை மட்டும் நம்பாமல், உங்கள் வாடிக்கையாளரின் பெயரும் தொடர்பும் அவர் சம்மதத்தோடு உங்களிடமே இருக்க வேண்டும். அவர் திரும்பத் திரும்ப வர ஒரு காரணமும் வேண்டும். கூப்பன் ஒருமுறை கூட்டி வரும். அடுத்த முறை வரவைப்பது பொருள்தான். குறுக்கெழுத்துக்குப் பக்கத்திலேயே கல்கியையும் தேவனையும் வைத்தவருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

86 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய ஸ்டுடியோ மூடப்பட்டுவிட்டது. அது இருந்த நிலத்தில் இன்று நட்சத்திர ஓட்டல் நிற்கிறது. மிச்சம் இருப்பது பாலத்தின் பெயர். 200 ரூபாய்க்கு வாங்கிய பத்திரிகை மட்டும் அச்சிலும் செல்போன் திரையிலும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.