கசப்பினால் புகழ் பெற்ற டாக்டர்!

ஏலத்தை ஏலம் போட்டு விற்கும் ஊர் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் அங்கே இருக்கிறது. போடிமெட்டு மலைப்பாதை வழியாக இறங்கி வரும் ஏலக்காய் மூட்டைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவ்வூர் மக்கள். பாயசத்தில் மணக்கும் அதே ஏலக்காய், வயிறு மந்தமானால் கஷாயத்திலும் சேருகிறது. சமையலறைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே அதிக தூரம் இல்லை!

மருந்துப் பெட்டியில் பிறந்த ஒரு கசப்புச் சரக்கு, இன்று உலகெங்கும் ரம் பானங்களுக்குச் சுவையூட்டுகிறது. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு ராணுவ டாக்டர். அவர் பெயர் ஜோஹான் சீகர்ட்.

போர்க்களத்தில்

1796-ம் ஆண்டு, அப்போது பிரஷ்யாவைச் சேர்ந்திருந்த சைலீசியாவில் சீகர்ட் பிறந்தார். வைத்தியம் படித்தார். 1815-ல் நெப்போலியனை வீழ்த்திய வாட்டர்லூ சண்டையின்போது, பிரஷ்யப் படையில் டாக்டராகப் பணி புரிந்தார்.

ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்தது. ஆனால் தென் அமெரிக்காவில் ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து சைமன் பொலிவார் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தார். 1820-ல் சீகர்ட் கடல் கடந்து வெனிசுலாவுக்குப் போனார். ஓரினாகோ ஆற்றங்கரையில் உள்ள அங்கஸ்தூரா என்ற ஊரின் ராணுவ ஆஸ்பத்திரிக்குத் தலைமை டாக்டரானார். ஆறு குறுகிப் பாயும் இடம் அது. ஊர்ப் பெயருக்கும் அதுவே பொருள்.

4 ஆண்டு உழைப்பு

வெப்பம் மிகுந்த அந்த நாட்டில் துப்பாக்கிக் குண்டு மட்டும் எதிரி அல்ல. காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் வீரர்களைப் படுக்கையில் தள்ளின. பசியெடுத்துச் சாப்பிட்டால்தானே போர் வீரன் எழுந்து நிற்க முடியும்? டாக்டர் வேர்களையும் மூலிகைகளையும் சோதித்தார். 4 ஆண்டு உழைப்புக்குப்பின், 1824-ல் அவருடைய கசப்பு மருந்து தயாராயிற்று.

செய்முறையின் அடிப்படை எளிது. ஏலக்காயைத் தண்ணீரில் போட்டால் மணம் ஓரளவுதான் இறங்கும். சாராயத்தில் ஊறப்போட்டால் அதன் எண்ணெயே இறங்கிவிடும். நெடுநாள் கெடாமலும் இருக்கும். சீகர்ட்டின் மருந்தும் அப்படிச் சாராயத்தில் இறக்கிய சாறுதான். அதில் ஜென்ஷியன் என்னும் கசப்பு வேர் உண்டு. மற்றச் சரக்குகள் இன்றுவரை ரகசியம்! நம் ஏலக்காய் உண்டா, இல்லையா என்பதும் அந்த ரகசியத்தில் அடங்கியதே.

கப்பல் ஏறியது

ஆற்றுத் துறைமுகத்துக்கு வந்த மாலுமிகள் கடல் குமட்டலுக்காக அதை வாங்கிச் சென்றார்கள். 1830-ல் இங்கிலாந்துக்கும் டிரினிடாட் தீவுக்கும் ஏற்றுமதி தொடங்கியது. 1846-ல் ஊரின் பெயர் சியுடாட் பொலிவார் என்று மாறிற்று. ஆனால் பழைய பெயர் புட்டியில் நிலைத்துவிட்டது. 1870-ல் சீகர்ட் காலமானார்.

நாட்டில் ஓயாத கலகம். தந்தையின் தொழிலைக் காப்பாற்ற, 1875-ல் அவருடைய மக்கள் டிரினிடாடுக்குக் குடியேறினார்கள். கரும்பும் ரம்மும் விளைந்த தீவு அது. அந்தக் கரும்புத் தோட்டங்களில் 1845 முதல் இந்தியர்கள் கூலிகளாக உழைத்தார்கள். சென்னையில் கப்பலேறிப் போன தமிழர்களும் அவர்களில் உண்டு. போடி மக்கள் ஏலத் தோட்ட வேலைக்கு மலையேறினார்கள், இவர்கள் கடலேறினார்கள். பிழைப்பு இரண்டுக்கும் ஒன்றே.

டாக்டர் காணாத புதுமை

ரம்மும் கசப்பு மருந்தும் ஒரே தீவில் சேர்ந்தன. 1930-களில் அமெரிக்காவில், தென்கடல் தீவுகளின் அலங்காரத்தோடு 'டிக்கி' பாணி ரம் பானங்கள் பரவியபோது, அவற்றிலும் சீகர்ட்டின் கசப்பு சில துளிகள் விழுந்தது. ரம், தேங்காய்ப்பால், அன்னாசிச் சாறு கலந்த பினா கோலடாவும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்ததே. அது 1954-ல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில், கரீப் ஹில்டன் ஹோட்டலில் பிறந்ததாகச் சொல்வார்கள்.

அதன் இனிப்பு சிலருக்குத் திகட்டியது. அண்மைக் காலத்தில் நியூயார்க் நகரில் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டார்கள். ரம் அரை அவுன்ஸ். கசப்பு மருந்து ஒன்றரை அவுன்ஸ்! அத்துடன் அன்னாசிச் சாறு, சர்க்கரை சேர்ந்த கெட்டித் தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சாறு. பனிக்கட்டியோடு குலுக்கி, மேலே ஜாதிக்காயைத் துருவுகிறார்கள். தேங்காயின் கொழுப்பு கசப்பின் கூர்மையைத் தணிக்கிறது. கசப்போ இனிப்பின் திகட்டலைப் போக்குகிறது. பானத்தின் பெயர் அங்கஸ்தூரா கோலடா.

மருந்து என்ற பெயரைக் கண்டு யாரும் ஏமாற வேண்டாம். அந்தக் கசப்பில் நூற்றுக்கு 45 பங்கு அளவுக்குச் சாராயம் இருக்கிறது.

படுத்துக் கிடந்த வீரர்களுக்குப் பசியெடுக்க வேண்டும் என்று டாக்டர் செய்தது அது. பசியில்லாதவர்களின் விருந்து மேஜைக்கு அது போய்ச் சேர்ந்துவிட்டது! அவர் வாழ்ந்த ஊரின் பெயர் மாறியது. அவர் பணி செய்த போர்கள் முடிந்தன. புட்டியில் ஒட்டிய காகிதத்தில் மட்டும் டாக்டர் சீகர்ட்டின் பெயர் இன்னும் இருக்கிறது.