விளைவிலிருந்து காரணத்தைத் தேடிய தோமஸ் பேயிஸ்

மாணவர்களே, கோடாத தாயக்கட்டை ஒன்றை எறியும்போது ஆறு விழுவதற்கான நிகழ்தகவு 1/6 என உடனே கூறிவிடுவீர்கள். இங்கு காரணம் தெரியும், விளைவையே கணிக்கிறோம். விளைவு மாத்திரம் தெரிந்திருந்தால் காரணத்தைக் கணிக்க முடியுமா? இவ்வினாவிற்கு வழிகாட்டியவர் தோமஸ் பேயிஸ் ஆவார்.

இவர் 1701ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். இவரது குடும்பம் இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராதது. அத்தகையோர் அக்காலத்தில் ஒக்ஸ்போட், கேம்பிறிஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற முடியாதிருந்தது. எனவே 1719இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தருக்கவியலும் இறையியலும் கற்றார். பின்னர் டன்பிறிஜ் வெல்ஸ் என்னும் ஊரில் மதகுருவாகப் பணியாற்றினார். 1742இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரானார்.

1761 ஏப்ரல் 7ஆம் திகதி பேயிஸ் காலமானார். அவரைப் புகழடையச் செய்த கட்டுரை அப்போது வெளிவந்திருக்கவில்லை. நண்பர் றிச்சட் பிறைஸ் அதனைக் கண்டெடுத்துச் சீர்செய்து அனுப்பினார். 1763 டிசெம்பரில் அது றோயல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது.

முன்னர் அறிந்ததைப் புதிய சான்றுடன் இணைத்து நிகழ்தகவைத் திருத்துவதே பேயிசின் தேற்றத்தின் சாரம். குதிரை வண்டிக் காலத்தில் பிறந்த இத்தேற்றம் இன்று வீதி விபத்து ஆய்விலும் பயன்படுகிறது.

உதாரணமாக, வேக எல்லை மணிக்கு 60 கிலோமீற்றரான வீதியில் ஒரு கார் பிரேக் பிடித்து, 20 மீற்றர் வழுக்கி நின்றது எனக் கொள்க. சாரதி எல்லையை மீறினாரா?

வேகத்தின் வர்க்கம் = 2 × உராய்வுக் குணகம் × புவியீர்ப்பு ஆர்முடுகல் × வழுக்கிய தூரம்

புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 எனக் கொண்டால்,
• உராய்வுக் குணகம் 0.6 எனின், வேகம் மணிக்கு ஏறத்தாழ 56 கிலோமீற்றர்.
• உராய்வுக் குணகம் 0.8 எனின், வேகம் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீற்றர்.

பார்த்தீர்களா? முதலாவதன்படி சாரதி எல்லையை மீறவில்லை, இரண்டாவதன்படி மீறியுள்ளார். வீதியின் உராய்வைத் திட்டமாக அறியாமல் ஒரே பெறுமானத்தைக் கொண்டு தீர்ப்பளித்தால், நிரபராதி தண்டனை பெறலாம், குற்றவாளி தப்பலாம்.

ஆகவே ஆய்வாளர்கள் உராய்வுக் குணகத்தின் வெவ்வேறு பெறுமானங்களுக்கும் நிகழ்தகவு வழங்குவர். வாகனச் சேதம் போன்ற சான்றுகளைச் சேர்த்து அவற்றைத் திருத்துவர். கணினியில் பல்லாயிரம் தடவை கணிப்பர். கிடைக்கும் விடை தனியொரு வேகம் அன்று. எல்லை மீறப்பட்டிருப்பதற்கான நிகழ்தகவு ஆகும்.

நினைவிற் கொள்க: விடையைக் கூறுவதோடு, அது எவ்வளவு நிச்சயமானது என்பதையும் கூறுவதே சிறந்த கணிதம்.

பயிற்சி
1. பேயிசின் கட்டுரையை வெளிவரச் செய்தவர் யார்?
2. மேற்படி உதாரணத்தில் உராய்வுக் குணகம் 0.7 எனின், காரின் வேகத்தைக் கணிக்குக. சாரதி எல்லையை மீறினார் என உறுதியாகக் கூற முடியுமா? காரணம் தருக.