கொடுமுடி கோகிலம் கே.பி.எஸ்.

மலருக்குச் சங்கீத சம்பந்தமாக ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். பாட்டுக்காரர்கள் சினிமாவுக்குப் போன கதையை எழுதலாமே என்று தோன்றியது. எம்.கே.டி. பாகவதர், ஜி.என்.பி., முசிறி சுப்பிரமணிய ஐயர், தண்டபாணி தேசிகர், எம்.எஸ். என்று பட்டியல் பெரிசு. நான் கொல்லிமலை அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்காரன். எங்க ஊர்ப் பக்கம் நோம்பி என்றால் கூம்பு ஸ்பீக்கரில் ஒரு குரல் கேட்காமல் இருக்காது. மலையில் மோதித் திரும்புகிற குரல். அந்தக் குரலுக்கு உரியவரும் நம்ம கொங்குச் சீமைக்காரர்தான். பரமத்தி வேலூரில் காவிரியைத் தாண்டிப் போனால் அவர் ஊர் வந்துவிடும். கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். சுருக்கமாக கே.பி.எஸ்.

1908-ல் பிறந்தார். சின்ன வயதிலேயே தகப்பனாரை இழந்த குடும்பம். தாயார் பாலாம்பாள் பிள்ளைகளை வளர்க்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈரோடு–திருச்சி ரயில் பாதையில் இருக்கிற ஊர் கொடுமுடி. அந்த ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியின் குரல்தான் நாடகக்காரர்கள் காதில் விழுந்தது என்பார்கள். வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் சிறுவன் வேஷம், அப்புறம் கதாநாயகி. மைக் இல்லாத காலம். விடிய விடிய நாடகம். கடைசி வரிசைக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். அப்படிப் பழகிய தொண்டை அது.

இலங்கைக்கு நாடகம் ஆடப் போன இடத்தில், 1926-ல், செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். அவர் வேலன், இவர் வள்ளி. ரெண்டு பேர் குரலும் எட்டுக் கட்டைக் குரல். மறு வருஷம் கல்யாணம். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. மனஸ்தாபம் வந்தது, பிரிவு வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா காலமானபோது அவருக்கு வயது 27, அம்மையாருக்கு 25. அன்றிலிருந்து வெள்ளைச் சேலை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார்.

பேசும் படம் வந்து ரெண்டு மூணு வருஷம்தான் ஆகியிருந்தது. படத்துக்கு முப்பது, நாற்பது பாட்டு வைப்பார்கள். பின்னணி பாடும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. ஆகவே பாடத் தெரிந்தவரே நடித்தாக வேண்டும். சினிமாக்காரர்கள் கச்சேரி மேடைக்கும் நாடகக் கொட்டகைக்கும் ஆள் தேடி வந்தது அதனால்தான். கொடுமுடிக்கும் வந்தார்கள், அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் ரூபத்தில். ஆளை விட்டால் போதும் என்று அம்மையார் ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். அவர் சரி என்று சொல்லிவிட்டார்! 1935-ல் ஒரு லட்சம்!

ஆணோடு ஜோடி சேரமாட்டேன் என்ற விரதத்துக்கும் வழி கிடைத்தது. 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே அவர் நடித்தார். வேதியர் வேஷத்தில் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். கச்சேரி மேடையின் சக்கரவர்த்தி ஒருவர், கதைப்படி ஒரு பெண்ணின் காலில் விழ வேண்டும் என்று அந்தக் காலத்தில் சலசலப்பு எழுந்தது. படம் ஓடவில்லை. தென்னை மரமும் எருமையும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற பொருளில் கல்கி கேலி செய்து எழுதினார். வேறு ஒருவராக இருந்தால் அடுத்த படத்தில் எப்படியாவது பெயர் வாங்க வேண்டும் என்று காதல் படத்துக்கும் ஒப்புக்கொண்டிருப்பார். இவர் அவசரப்படவில்லை. அடுத்த படம் 1940-ல்தான் வந்தது. அதுவும் 'மணிமேகலை', துறவு பூண்டவள் கதை.

இடையில் தேச வேலை. சத்தியமூர்த்தியின் ஊக்கத்தால் காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1937 தேர்தலில் அவர் பாட்டுக்குக் கூடிய கூட்டத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காந்திஜி வீட்டுக்கு வந்தபோது தங்கத் தட்டில் பரிமாறியதையும், அவர் தட்டையும் நிதிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டதையும் கொங்கு நாட்டில் இன்றும் சொல்வார்கள். பின்னாளில் சட்ட மேலவை உறுப்பினரானார். சினிமாவிலிருந்து சட்டமன்றம் போனவர்களில் இந்தியாவிலேயே முதல் ஆள்.

1953-ல் ஜெமினி வாசனின் 'ஔவையார்'. விரதமும் வேஷமும் ஒன்றாகப் பொருந்திய படம் அது. இளமையை இறைவனிடம் திருப்பிக் கொடுத்துக் கிழவியானவள் ஔவை. 25 வயதில் இளமையைத் தானே ஒதுக்கி வைத்தவர் சுந்தராம்பாள். அதில் நடிப்பு எது, வாழ்க்கை எது என்று பிரிக்க முடியுமா? தமிழ்நாடே திரண்டு வந்து பார்த்தது. பிறகு 1964-ல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகள். கதை வசனம் கலைஞர், இவரோ காங்கிரஸ்காரர். 1965-ல் 'திருவிளையாடல்', மறுபடி ஔவை. அந்தப் படத்தை எடுத்த ஏ.பி. நாகராஜன் நம்ம சங்ககிரிப் பக்கத்து அக்கம்மாபேட்டைக்காரர் என்பதில் எங்களுக்கு ஒரு தனிப் பெருமை! 1969-ல் வந்த 'துணைவன்' படப் பாட்டுக்கு, அறுபதைத் தாண்டிய வயதில், தேசிய விருது. 1970-ல் பத்மஸ்ரீ. 1980-ல் மறைந்தார். நாற்பது வருஷத்தில் சுமார் ஒரு டஜன் படங்கள்தான்.

முசிறி 'துக்காராம்' என்ற ஒரே படத்தோடு போதும் என்று திரும்பிவிட்டார். எம்.எஸ். 'மீரா'வுக்குப் பிறகு ஒதுங்கினார். பாகவதர் சினிமாவின் உச்சிக்கும் போனார், பள்ளத்தையும் பார்த்தார். கே.பி.எஸ். திரும்பவும் இல்லை, தொலைந்து போகவும் இல்லை. சினிமாவுக்காக அவர் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. சினிமாதான் அவருக்கேற்ற வேஷங்களைத் தேடிக்கொண்டு வந்தது.

நம்ம செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் படித்தவர் பேங்கிலே, தமிழ் படித்தவர் லாரி ஆபீசிலே, கணக்குப் படித்தவர் கோழிப்பண்ணையிலே! துறை மாறுவதில் தப்பே இல்லை. போகிற இடத்துக்கு எதைக் கையோடு கொண்டு போகிறோம், எதை விலை பேசாமல் வைத்துக்கொள்கிறோம் என்பதுதான் விஷயம். கொடுமுடி அம்மையார் தன் குரலைக் கொண்டு போனார். குரலுக்கு விலை சொன்னார், விரதத்துக்குச் சொல்லவில்லை. நம் பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து 'ஔவையார்' படத்தை ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. கறுப்பு வெள்ளைப் படம் என்று முதலில் சிணுங்குவார்கள். பாட்டு ஆரம்பித்ததும் பாருங்க!