குர்லாவில் கார் கட்டிய வால்சந்த் ஹீராசந்த்

மும்பையில் நடக்கும் பழைய கார் அணிவகுப்புகளில் கூட்டம் அதிகம் சேருவது, கூரையை மடித்துவிட்டு வரும் அமெரிக்கக் கார்களைச் சுற்றித்தான். புதுப்பூச்சும் குரோம் பளபளப்புமாக டாட்ஜ், பிளைமவுத் வண்டிகள் வரும்போது கண் கூசும்.

இந்தப் பெயர் தாங்கிய கார்கள் ஒரு காலத்தில் குர்லாவிலேயே பூட்டப்பட்டன. அணுசக்தி நகரிலிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரம். அதற்குக் காரணமானவர் வால்சந்த் ஹீராசந்த்.

அவர் 1882-ம் ஆண்டு சோலாப்பூரில் பிறந்தார். குஜராத்தி ஜைன வியாபாரக் குடும்பம். ஆனால் குடும்பத் தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த பாடக் என்பவருடன் கூட்டுச் சேர்ந்து ரயில் பாதைக் காண்டிராக்ட் எடுத்தார். மூலதனத்தைவிட அந்தக் குமாஸ்தாவின் அனுபவமே அப்போது பெரிதாக உதவியிருக்க வேண்டும்! பிறகு போர்காட் மலைச் சுரங்கப் பாதை வேலை வரை வளர்ந்தார்.

1919-ல் நண்பர்களுடன் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். தூத்துக்குடியில் வ.உ.சி. 1906-ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை வெள்ளையர் நசுக்கிய கதை நமக்குத் தெரியும். அதே போட்டியை வால்சந்தும் சந்தித்தார். அவருடைய "லாயல்டி" கப்பல் 1919 ஏப்ரல் 5-ந் தேதி பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்த நாள்தான் இன்று தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

அடுத்த ஆசை மோட்டார். இந்தியாவில் கார்த் தொழிற்சாலை வேண்டும் என்று விசுவேசுவரய்யா திட்டம் போட்டிருந்தார். வால்சந்த் அதைக் கையில் எடுத்தார். அமெரிக்கா சென்று போர்டு கம்பெனியுடன் பேசினார், பலிக்கவில்லை. கிரைஸ்லர் கம்பெனி இணங்கியது. ஆனால் பிரிட்டிஷ் அரசு கைகொடுக்கவில்லை. யுத்தத்துக்குக் கார்த் தொழில் அவசியமில்லை என்று தட்டிக் கழித்தது. லாரியும் ஜீப்பும் இல்லாமல் எந்த யுத்தம் நடந்ததோ, தெரியவில்லை.

அவர் சும்மா இருக்கவில்லை. 1940-ல் பெங்களூரில் விமானத் தொழிற்சாலை, 1941-ல் விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் என்று இறங்கினார். விமானத் தொழிற்சாலையை 1942-ல் அரசே எடுத்துக்கொண்டது. விசாகப்பட்டினத்தில் கட்டிய "ஜல உஷா" கப்பலை 1948-ல் நேரு கடலில் இறக்கி வைத்தார்.

கார்க் கனவு 1944-ல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்ற பெயரில் உருவெடுத்தது. 1947-ல் குர்லாவிலிருந்து வண்டிகள் வெளிவரத் தொடங்கின. முதலில் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். உள்ளூரிலேயே பாகங்கள் செய்வது படிப்படியாகத்தான் வந்தது.

அதன் முழுப் பலனை வால்சந்த் பார்க்கவில்லை. 1949-ல் பக்கவாதம் தாக்கியது. 1950-ல் பொறுப்புகளிலிருந்து விலகினார். 1953 ஏப்ரல் 8-ந் தேதி குஜராத்தில் காலமானார்.

குர்லா ஆலை பிறகு பியட் கார்களைச் செய்தது. அந்த வண்டிக்குப் பின்னாளில் பத்மினி என்று பெயர் வந்தது. கறுப்பும் மஞ்சளுமாக மும்பைத் தெருக்களை ஆண்ட டாக்சி அதுதான். நம் ஊர்க்காரர்கள் பலர் பெட்டி படுக்கையுடன் தாதரில் இறங்கி முதலில் ஏறிய காரும் அதுவே. கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் ஓட்டத்தை நிறுத்தியது.