மன்னர் குதிரையை மறித்த மங்கை

2018-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி. சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் ஆட்டம். காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு வெளியே போராட்டம் நடந்தது. மைதானத்துக்குள் செருப்பு விழுந்தது. சென்னையில் நடக்க இருந்த மற்ற ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. காவிரியின் கடைமடையான காரைக்காலின் தண்ணீர்க் கவலை, கிரிக்கெட் பார்த்த நாடு முழுவதற்கும் எட்டியது.

கூட்டமும் கேமராவும் உள்ள இடத்தில் குறையைச் சொன்னால் உலகம் திரும்பிப் பார்க்கும். ஆனால் இந்த வழியில் உயிரையே பறிகொடுத்தார் ஒரு பெண். அவர் பெயர் எமிலி டேவிசன்.

படித்தும் பட்டம் இல்லை

எமிலி 1872-ம் ஆண்டு லண்டனில் பிறந்தார். கல்லூரியில் படிக்கும்போது தந்தை இறந்தார். பணம் கட்ட முடியாமல் படிப்பு நின்றது. வீட்டு ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். ஆக்ஸ்போர்டில் தேர்வு எழுதி முதல் வகுப்பில் தேறினார். ஆனால் அப்போது அங்கே பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை!

ஓட்டுரிமையும் இல்லை. 1906-ல் பெண்கள் ஓட்டுரிமைப் போரில் குதித்தார். 9 முறை கைது செய்யப்பட்டார். உண்ணாவிரதம் இருந்தார். அதிகாரிகள் குழாய் மூலம் 49 முறை பலவந்தமாக உணவு புகட்டினார்கள்.

பந்தயத் திடலில்

1913-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி. எப்சம் நகரில் டெர்பி குதிரைப் பந்தயம். மன்னர் ஐந்தாம் ஜார்ஜும் ராணியும் வந்திருந்தார்கள். குதிரைகள் பாய்ந்து வந்தன. எமிலி தடுப்பைத் தாண்டி ஓடினார். மன்னரின் குதிரை அவர்மீது மோதியது. குதிரையோட்டி காயத்தோடு தப்பினார். எமிலி நினைவு திரும்பாமலே ஜூன் 8-ந் தேதி இறந்தார். வயது 40.

சாக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை என்பார் பலர். அவரிடம் ஊர் திரும்பும் ரயில் டிக்கெட் இருந்தது.

பல பத்திரிகைகள் அவரைத் தூற்றின. ஆனால் பந்தயத்தைப் படம் எடுக்க வந்த கேமராக்களில் எல்லாம் பதிவாகியிருந்தது. சினிமாக் கொட்டகைகளில் மக்கள் அதைப் பார்த்தார்கள். லண்டனில் இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் நடந்தார்கள்.

வெற்றி யாரால்?

பிரிட்டனில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலருக்கு 1918-ல் ஓட்டுரிமை கிடைத்தது. ஆணுக்குச் சமமாகக் கிடைத்தது 1928-ல். காரைக்காலை ஆண்ட பிரான்சிலோ பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள்.

கேமரா ஒரு நாள் திரும்பிப் பார்க்க வைத்தது. உரிமையை வாங்கித் தந்தது, அதற்கு முன்னும் பின்னும் ஓயாமல் உழைத்த பல்லாயிரம் பெண்கள். அவர்களோடு நின்று வெற்றியைப் பார்க்க எமிலி இல்லை.