வேதனமின்றி உழைத்த கணித மேதை எம்மி நோதர்

பட்டம் பெற்றவர் யாவரும் பதவி பெறுவதில்லை. பல்லாண்டுகள் கண்விழித்துக் கற்றுக் கலாநிதிப் பட்டத்தோடு மீள்பவர், தம் ஆராய்ச்சிக்கு இடமளிப்பார் ஒருவருமின்றி வீட்டிலிருக்கும் காலம் மிகக் கொடியது. உற்றார் வினவுவர், அயலார் இரங்குவர், நாளடைவிற் கற்றவர்க்கே தம் கல்வியில் ஐயம் பிறக்கும். அத்தகைய காலத்தைப் பதினைந்து ஆண்டுகள் கண்டும் ஊக்கங் குன்றாதிருந்த ஒருவரின் வரலாற்றை, நம் கல்லூரி மாணவரும், இங்கிருந்து சென்று பட்டம் பெற்று உத்தியோகம் நோக்கியிருக்கும் பழைய மாணவரும் அறிதல் நன்று. அவர்தாம் ஜேர்மனி நாட்டுக் கணித மேதை எம்மி நோதர் அம்மையார்.

அம்மையார் 1882 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 23 ஆம் நாள் எர்லாங்கன் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் மாக்ஸ் நோதர் அந்நகரச் சர்வகலாசாலையிற் கணிதப் பேராசிரியர். மகளாரோ முதலில் ஆங்கிலமும் பிரெஞ்சும் பயின்று, பெண்பாடசாலைகளில் அம்மொழிகளைக் கற்பிப்பதற்குரிய பரீட்சையில் 1900 இல் தேறினார். ஆசிரியத் தொழில் வாயிலில் வந்து நின்றது. அதனை விடுத்துக் கணிதத்தை நாடினார். அக்காலத்தில் அச்சர்வகலாசாலை பெண்களை மாணவராகப் பதிவு செய்வதில்லை. ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியே அனுமதி பெற்று வகுப்பின்கண் அமர்ந்து கேட்டல் வேண்டும். ஏறக்குறைய ஆயிரம் ஆடவரிடையே அவ்வாறு அமர்ந்த பெண்டிர் இருவரே. அவருள் ஒருவர் எம்மி. 1904 இல் தடை நீங்கியதும் முறைப்படி சேர்ந்து, போல் கோர்டன் என்னும் பேராசிரியரின் கீழ் ஆராய்ந்து, 1907 இல் மிகச் சிறந்த சித்தியுடன் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 25.

பட்டங் கிடைத்தது, பதவி கிடைக்கவில்லை. பெண்ணொருத்தி சர்வகலாசாலையில் விரிவுரையாளராதலை அந்நாட்டுச் சட்டமும் வழக்கமும் இடங்கொடுக்கவில்லை. 1908 முதல் 1915 வரை ஏழாண்டுகள் எர்லாங்கன் கணித நிலையத்திலே ஒரு காசும் வேதனமின்றிப் பணி புரிந்தார். உடல் நலிந்த தந்தையார் வகுப்பிற்கு வர இயலாத நாட்களில் அவர்க்குப் பதிலாகக் கற்பித்தார். மாணவரின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டினார். ஆயினும் ஏட்டில் அவர் பெயர் இடம்பெறாது. 1908 இல் இத்தாலி நாட்டுப் பலேர்மோ கணிதக் கழகத்திலும், 1909 இல் ஜேர்மானியக் கணித சங்கத்திலும் உறுப்பினரானார். அவ்வாண்டே சால்ஸ்பேர்க் நகரில் அச்சங்கத்தின் மகாநாட்டில் உரை நிகழ்த்தினார். பதவி இல்லாதவர் அறிஞர் கூட்டத்தினின்று தாமே விலகிவிடுதல் இயல்பு. அம்மையார் விலகினாரல்லர்; எழுதினார், சென்றார், பேசினார், கேட்டார்.

ஈண்டு நாம் கருத வேண்டிய செய்தி பிறிதொன்று உண்டு. அவரது பட்ட ஆராய்ச்சி முழுவதும் நீண்ட கணிப்பினால் ஆயது. அதன் முடிவில் 331 கோவைகளை ஒவ்வொன்றாக நிரைப்படுத்தியிருந்தார். கோர்டன் ஓய்வு பெற்றபின், 1911 இல் ஏர்ன்ஸ்ட் பிஷர் என்பார் எர்லாங்கனுக்கு வந்தார். அவருடன் உரையாடியதன் பயனாக, டேவிட் ஹில்பேட் காட்டிய புதிய நெறி அம்மையாருக்குப் புலனாயிற்று. கணித்துக் கணித்துச் செல்வதை விட்டு, கணிப்பிற்கு அடிப்படையான அமைப்பையே சிந்திக்கும் நெறி அது. இருவரும் ஒரே நகரில் வாழ்ந்தும், நேரிற் பேசியது போதாமல், தபாலட்டைகளிற் கணிதம் எழுதிப் பரிமாறிக்கொண்டனர். தமக்குப் பட்டம் தேடித்தந்த முறையையே அம்மையார் கைவிட்டார். பிற்காலத்தில் அந்த ஆராய்ச்சியை அவரே இகழ்ந்தும் பேசினார். வேலையற்றிருந்த ஆண்டுகளே அவரைப் புதிய கணிதராக ஆக்கின.

1915 இல் ஹில்பேட்டும் பீலிக்ஸ் கிளைனும் அவரைக் கெட்டிங்கன் சர்வகலாசாலைக்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்புக் கொள்கையில் எழுந்த சிக்கலைத் தீர்ப்பதற்கு அவர் உதவி வேண்டியிருந்தது. ஆயினும் மொழி, வரலாறு முதலிய துறைகளைச் சார்ந்த ஆசிரியர்கள் பெண்ணுக்கு விரிவுரையுரிமை வழங்குவதை எதிர்த்தனர். ஆகவே ஹில்பேட்டின் பெயரால் வகுப்புகள் அறிவிக்கப்பட்டன, கற்பித்தவர் அம்மையார். இந்நிலையிலேதான் 1918 இல் இன்று நோதர் தேற்றம் என வழங்கும் உண்மையை வெளியிட்டார். இயற்கையின் விதி காலத்தால் மாறாதெனின் சக்தி அழியாது நிற்கும். இடத்தால் மாறாதெனின் உந்தம் அழியாது நிற்கும். இவ்வாறு தொடர்ச்சியான சமச்சீர் ஒவ்வொன்றுக்கும் அழியாது காக்கப்படும் ஒரு கணியம் உண்டு என்பது அதன் சாரம். பௌதிகவியலின் தூண்களில் ஒன்றாகிய இதனை நாட்டியபோது அவருக்கு உத்தியோகமும் இல்லை, வேதனமும் இல்லை.

1919 இல் விரிவுரையுரிமையும், 1922 இல் பேராசிரியர் என்னும் வெறும் பெயரும் கிடைத்தன. 1923 இலேயே அட்சரகணிதம் கற்பிப்பதற்கெனச் சிறு வேதனம் வழங்கப்பட்டது. அப்போது வயது 41. இதற்கிடையில் 1921 இல் அவர் வெளியிட்ட கட்டுரையொன்று நவீன அட்சரகணிதத்திற்கே அடிகோலியிருந்தது. 1932 இல் சூரிச் நகரில் நிகழ்ந்த உலகக் கணித மகாநாட்டில் பேருரை ஆற்றினார். அடுத்த ஆண்டே, யூத குலத்தவர் என்ற காரணத்தால், நாசி அரசு அவரைப் பதவிநீக்கம் செய்தது. அவரோ மாணவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துக் கற்பித்தலைத் தொடர்ந்தார். பின்னர் அமெரிக்கா சென்று, பிறின் மார் பெண்கள் கல்லூரியிற் பணியேற்றார். சத்திரசிகிச்சையின் பின் 1935 ஏப்பிரல் 14 ஆம் நாள், 53 ஆம் வயதில் மறைந்தார்.

அம்மையாரின் பொறுமையைப் புகழும் நாம், அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் சேர்த்துப் புகழ்தல் தகாது. உழைத்தவருக்கு ஊதியம் மறுத்தது பிழையே. மேலும், தந்தையாரின் இல்லமும் குடும்பத்தின் பொருளும் அவரைத் தாங்கின. அத்தகைய ஆதரவு இல்லாதார் வேறு தொழில் செய்து பிழைக்க நேரின், அதில் யாதோர் இழுக்குமில்லை.

ஆயின் அவர் வாழ்வினின்று எவரும் கொள்ளத்தக்கன மூன்று. பதவி வருமளவும் காத்திராது, நாள்தோறும் வேலையைச் செய்தல் ஒன்று. தனித்துச் சோராது, ஒத்த அறிவினர் ஒருவரோடேனும் உறவு பேணல் ஒன்று. கற்ற முறையிலேயே தேங்காது, புதியன கற்கத் துணிதல் ஒன்று. இம்மூன்றிற்கும் எவருடைய நியமனக் கடிதமும் வேண்டியதில்லை. கணிதம் அறியாத தமிழாசிரியனாகிய யான் அம்மையாரின் தேற்றங்களை விளக்க வல்லேனல்லேன். நம் மாணவருள் எவரேனும் பட்டத்தோடு வீட்டிலிருந்து கலங்கும் ஒரு நாளில், எர்லாங்கனில் ஏழாண்டுகள் வேதனமின்றி உழைத்த இவ்வம்மையாரை நினைவு கூர்வாராயின், இதனை எழுதிய பயனை யான் பெற்றவனாவேன்.