ஆசிரியர்க்கு ஆசிரியர் பெஸ்டலாசி

பள்ளிக்கூடங்களில் வலிய பிள்ளைகள் எளிய பிள்ளைகளை எள்ளி நகையாடுவதும் துன்புறுத்துவதும் எக்காலத்தும் உள்ள தீங்காகும். பிரம்பினால் அதனை ஒழிக்கலாமென்பார் பலர். ஆசிரியர் மாறினாலன்றி அது ஒழியாதெனக் கண்டு, அவர்களைப் பயிற்றுதற்கே தம் முதுமையை ஈந்தார் ஒருவர். அப்பெரியார் பெஸ்டலாசி என்பவர். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

சுவிட்சர்லாந்து தேசத்தில், ஜூரிச் நகரில், 1746-ம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ம் நாள் யோஹான் ஹைன்ரிக் பெஸ்டலாசி பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயும் உண்மையுள்ள பணிப்பெண் ஒருத்தியும் வீட்டினுள்ளேயே வைத்துப் போற்றி வளர்த்தமையால், பிற சிறுவரோடு ஓடியாடிப் பழகும் வகையை அவர் அறிந்திலர். உடையில் ஒழுங்கில்லை, எவர் எது சொல்லினும் நம்புவார். ஆகவே உடன் பயின்றோர் அவரைப் பேதையரூரின் விந்தை மனிதன் என்னும் பொருள்பட இழிபெயரிட்டு நகைத்தனர். ஒரு சமயம் நிலநடுக்கம் உண்டானபோது, ஆசிரியர்கள் பிள்ளைகளையும் முந்திக்கொண்டு படிக்கட்டில் இறங்கியோடினர். உள்ளே கிடந்த தொப்பிகளையும் புத்தகங்களையும் எடுத்துவரத் துணிந்தவர், எல்லோரும் நகைத்த அச்சிறுவரே.

வளர்ந்தபின் அவர் நொய்ஹோப் என்னுமிடத்தில் பயிர்த்தொழில் செய்தார். அங்கே 1774-ல் ஏழைப் பிள்ளைகளைச் சேர்த்து, தொழிலும் கல்வியும் ஒருங்கே அளித்தார். பொருள் முட்டுப்பாட்டினால் 1780-ல் அம்முயற்சி நின்றது. மறுவருடம் வெளியான லியனார்டும் கெர்ட்ரூடும் என்னும் கதைநூல் அவருடைய பெயரை எங்கும் பரப்பிற்று.

1798-ல் பிரெஞ்சுப் படை நிட்வால்டன் நாட்டை அழித்தது; பிள்ளைகள் பலர் பெற்றோரை இழந்து நின்றனர். அவர்களைப் பேண 1799 ஜனவரியில் பெஸ்டலாசி ஸ்டான்ஸ் என்னும் ஊரில் ஓர் இல்லம் திறந்தார். எண்பது பிள்ளைகளுக்கு அவரும் ஒரு பணிப்பெண்ணுமே துணை. இரந்துண்டு வளர்ந்தோரும், முன்பு வளமாக வாழ்ந்து அவர்களை இகழ்ந்தோரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர். அவர் நீதிபோதனையில் தொடங்கவில்லை. அவர்களோடு உண்டார், அவர்கள் நடுவிலே உறங்கினார். முதலில் அன்பை உணர்த்துதல், அடுத்து அதனைச் செயலிற் பழக்குதல், இறுதியிலேயே சொல்லால் விளக்குதல் என்பது அவர் கொண்ட முறை. சிற்சில வேளை அடித்ததுமுண்டு. அதனை அவர் மறைத்தாரல்லர்.

அவ்வாண்டிலேயே ஆல்ட்டோர்ப் என்னும் ஊர் தீக்கிரையாயிற்று. பெஸ்டலாசி பிள்ளைகளைக் கூட்டி, வீடிழந்த சிறுவர் இருபதுபேரை ஏற்கலாமோ என்று வினவினார். ஏற்றால் உணவு குறையும், உழைப்பு மிகும், உடையையும் பகிரவேண்டும் என்பதையும் எடுத்துரைத்தார். அவர்கள் ஒருமனதாக இசைந்தனர். மரியாதை கட்டளையால் வருவதன்று; முடிவு செய்யும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளித்து மதித்தலால் வருவது என்பதற்கு இதனினும் நற்சான்று யாது? ஜூன் மாதத்தில் அவ்வில்லம் படையின் மருத்துவமனையாக்கப்பட, அவருடைய பணி ஐந்தே மாதத்தில் முடிந்தது.

ஆயினும் அவர் ஓய்ந்திலர். 1800-ல் புர்க்டோர்ப் கோட்டையிலும், 1805 முதல் இவர்டன் கோட்டையிலும் பிள்ளைகளுக்குக் கல்வியளித்ததோடு ஆசிரியர்களையும் பயிற்றினார். இவர்டனில் ஆசிரியர்கள் பிள்ளைகளோடு விளையாடினர். அவர்கள் உறங்குமிடத்திலேயே உறங்கினர். பிரஷ்ய அரசாங்கத்தார் தங்கள் இளைஞர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பினர். பின்னாளில் குழந்தைத் தோட்டப் பள்ளியை நிறுவிய பிராபெல் 1808 முதல் 1810 வரை அங்கிருந்தார்.

இங்ஙனம் ஓங்கிய நிலையம் வீழ்ந்ததேன்? அதனை வீழ்த்தியவர் பகைவரல்லர். நீடரர், ஷ்மிட் என்னும் அவருடைய சொந்த உதவியாளர் இருவரிடையே மூண்ட பூசல் ஆண்டுதோறும் முற்றியது. ஆசிரியர் பலர் விலகினர், வழக்குகளும் எழுந்தன. 1825-ல் இவர்டன் நிலையம் மூடப்பட்டது. பெஸ்டலாசி நொய்ஹோப்புக்குத் திரும்பி, 1827-ம் ஆண்டு பிப்ரவரி 17-ம் நாள் புருக் நகரில் காலமானார். பிர் என்னும் கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் அருகே அவரை அடக்கஞ்செய்தனர்.

அவருடைய வெற்றியும் தோல்வியும் நமக்கு ஒன்றையே உணர்த்துகின்றன. ஸ்டான்ஸில் பசித்த பிள்ளைகள் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றனர். இவர்டனில் கற்றறிந்த ஆசிரியர்கள் அதனை மறந்தனர். தம்முள் ஒருவரையொருவர் இகழும் ஆசிரியர், இகழாதீர் என்று பிள்ளைகளுக்கு எங்ஙனம் கற்பிப்பர்? நம்மிற் சிலர் நாளை கரும்பலகையின் முன் நிற்கப்போகின்றோம். நம் வகுப்பின் மூலையிலும் எல்லோரும் நகைக்கும் ஒரு சிறுவன் இருப்பான். அவனை நாம் எங்ஙனம் அழைக்கின்றோமோ, அங்ஙனமே வகுப்பு முழுவதும் அவனை அழைக்கும்.